அடிநெல் குழி

7.1.1991, திங்கள்

முதலாளி சாமிதுரை காலையிலேயே கூப்பிட்டு அனுப்பினார். பக்கத்து ஊர் மில்லில் போன மாதம் ஒருவன் பெல்ட்டில் சிக்கிச் செத்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. செத்தவனை நினைத்து அல்ல. தொழிற்சாலை ஆய்வாளர் அடுத்து நம் மில்லுக்கு வருவாரே என்றுதான்.

"சகாயம், உன்னைச் சென்னைக்கு அனுப்பி ரெண்டு வாரம் படிக்க வச்சேன்ல, அதுக்கு இப்பதான் வேலை வந்துருக்கு. மில்லுல எங்கெங்க ஆபத்து இருக்கு, என்ன செய்யணும்னு எழுதிக் குடு. அவரு கேட்டா நீட்டணும்."

ஆபத்து மதிப்பீடு. பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது சுலபம்தான். ஒவ்வொரு இடமாகப் போய் நில். இங்கே என்ன நடக்கலாம், யாருக்கு, நடந்தால் எவ்வளவு கெடுதல், நடக்க எவ்வளவு வாய்ப்பு? கெடுதலுக்கும் வாய்ப்புக்கும் ஐந்துக்குள் எண் போட்டுப் பெருக்கு. பெரிய எண் வந்த இடத்தை முதலில் சரிசெய். பத்து வருடமாக இந்த அரிசி மில்லுக்கு நான் சூப்பர்வைசர். புதிதாக வந்தவன் போல எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமாம். பார்ப்போம்.

9.1.1991, புதன்

பாய்லர் பரவாயில்லை. மூட்டை அடுக்கு ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறது. தவிட்டு அறையில் பீடி நாற்றம். மோட்டார் ஓட்டும் வீரையனைப் பிடித்துத் திட்டினேன். "பீடிய விட்டு ஒரு வருசமாச்சு சார்" என்கிறான், காதில் ஒரு பீடியைச் செருகிக்கொண்டே!

எலிவேட்டர் குழிக்கு வந்ததும் நின்றுவிட்டேன். நெல்லை வாளி வாளியாக மேலே தூக்கும் பெல்ட்டின் அடிப்பக்கம் அது. ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். வாளிகள் திரும்பும்போது சிந்தும் நெல் அங்கேதான் குவிகிறது. பெண்கள் ஏணி வைத்து இறங்கி, பெல்ட் ஓட ஓட, அதன் பக்கத்திலேயே குனிந்து கூட்டி அள்ளுகிறார்கள். தினமும் பார்க்கிற காட்சிதான். இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

அவர்களுக்கெல்லாம் மூத்தவர் நீலாம்பாள் அக்கா. "மெஷினை நிறுத்தினப்புறம் இறங்கக் கூடாதாக்கா?" என்று கேட்டேன்.

"அது எங்க தம்பி நிக்கிது? சம்பா வந்துட்டா ராவும் பகலும் ஓடுது. சிந்துனதை அப்பப்ப அள்ளலேன்னா முதலாளி திரும்ப அரவையில கொட்டிப்புடுவாரு. அடிநெல்லு எங்க பாத்தியதையில்ல?"

கெடுதல் ஐந்து. வாய்ப்பு நான்கு. இருபது. மில்லிலேயே பெரிய எண் இதுதான்.

10.1.1991, வியாழன்

அடிநெல் விவகாரம் எனக்குத் தெரியாததல்ல. மில் நிற்கிற இடம் முன்பு வயலும் களமும். போரடித்து முடிந்தபின் களத்தில் மண்ணோடு கிடக்கும் நெல் வேலை செய்தவர்களுக்கு என்பது இங்கே எல்லாக் களத்திலும் வழக்கம். நில உச்சவரம்பு வந்தபோது, இருக்கிற நிலத்தைக் காப்பாற்ற இப்போதைய முதலாளியின் அப்பா வயலை மில்லாக மாற்றக் கிளம்பினார். அங்கே பாடுபட்ட குடும்பங்கள் செங்கொடியை நட்டுக்கொண்டு களத்தை விட்டு எழுந்திருக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டன. அடிதடி, போலீஸ், கேஸ். கடைசியில் தாசில்தார் முன்னிலையில் பேசி முடித்தார்கள். அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு மில்லில் வேலை, களத்தில் இருந்த பாத்தியதை மில்லிலும் தொடரும்.

அதெல்லாம் சரி. அதற்காக ஓடுகிற பெல்ட்டுக்குக் கீழே தலையைக் கொடுப்பார்களா? கம்பி வலை போட்டு மூடிப் பூட்ட வேண்டும். எழுதிவிட்டேன்.

12.1.1991, சனி

எழுதியதை முதலாளியிடம் கொடுத்தேன். பெல்ட்டுகளுக்குத் தடுப்பு: "பாக்கலாம்." மூட்டை அடுக்கு: "அதையும் பாக்கலாம்." குழி: "நாளைக்கே!" நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். வெல்டர் நெய்னா முகம்மதுக்கு உடனே ஆள் போயிற்று. முதலாளி இவ்வளவு சுறுசுறுப்பாக ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை. சந்தோஷமாக இருந்தது.

வீட்டில் அருள்மேரியிடம் பெருமையடித்துக்கொண்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் கேட்டாள்: "அந்தப் பொம்பளைங்க என்னங்க சொன்னாங்க?"

"அவங்களை என்ன கேக்கிறது? குழி ஆபத்து. மூடிற வேண்டியதுதான்."

அவள் முறத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

17.1.1991, வியாழன்

பொங்கல் லீவு முடிந்து வந்த பெண்கள் குழியைச் சுற்றி நின்றார்கள். புது வலை, புதுப் பூட்டு.

நீலாம்பாள் அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "ஆளை விட்டு மெரட்டியும் போலீசை விட்டு அடிச்சும் புடுங்க முடியாததை, ஒத்தைக் காயிதத்துல புடுங்கிட்டீங்களே தம்பி."

"உயிருக்கு ஆபத்துக்கா அது."

"உசுரு எங்களுது. எங்களை ஒரு வார்த்தை கேக்கணுமுல்ல?"

முதலாளி எனக்குப் பின்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் என்னம்மா செய்றது? சூப்பர்வைசர் எழுதிட்டாரு. சட்டம்!" என்றார். சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி என்னை முன்னால் நிறுத்திவிட்டார்.

உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அடிநெல்லை அள்ற வரைக்கும் இது அவங்க களம்னு ஒரு பேச்சு இருந்துகிட்டே இருக்கும் சகாயம். இனிமே இருக்காது."

அதற்குத்தானா வெல்டர் பறந்து வந்தான்?

18.1.1991, வெள்ளி

ரேடியோ முழுக்கக் குவைத் சண்டை. மில்லில் பெண்கள் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

21.1.1991, திங்கள்

எழுத முடியல. எழுதாம இருக்கவும் முடியல.

அம்சம். நீலாம்பாள் அக்கா மருமவ. சின்னப் பொண்ணு.

குழிக்குப் பின்பக்கம், மோட்டார் பெல்ட் உள்ளே நுழைகிற சந்து ஒன்று உண்டு. ஒல்லியான ஆள் உடம்பை ஒடுக்கி நுழையலாம். நான் மேலே மட்டும்தானே மூடினேன்? அந்தச் சந்து வழியாகப் போயிருக்கிறாள். பெல்ட்டை உரசிக்கொண்டு. முறத்தோடு.

அலறல் கேட்டு ஓடினேன். வலைக்கு மேலே நிற்கிறேன். கீழே அவள் தெரிகிறாள். கையை எட்ட முடியவில்லை. பூட்டு. சாவி முதலாளி வீட்டில். என் பூட்டு — நான் எழுதி வாங்கின பூட்டு! வீரையன் மோட்டார் அறைக்கு ஓடி மெயினை இறக்கினான். இறக்கியும் பெல்ட் உடனே நிற்கவில்லை.

வலது கை.

நெல் லாரியிலேயே போட்டுத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவளைத் தூக்க வலையை நான்தான் கடப்பாரையால் பெயர்த்தேன். அப்போது பெயர்த்து யாருக்கு என்ன பிரயோசனம்?

22.1.1991, செவ்வாய்

இரண்டு விரல் போய்விட்டது. மூன்றாவது இருக்கிறது, மடங்காதாம். அருள்மேரி துணைக்குப் போயிருக்கிறாள். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

23.1.1991, புதன்

முதலாளி தெளிவாக இருக்கிறார். பெயர்த்த வலையைத் திரும்ப வெல்டு வைத்துப் பூட்டியும்விட்டார். "பூட்டுன எடத்துல திருட்டுத்தனமா நுழைஞ்சிருக்கா. நம்ம மேல ஒரு தப்பும் கெடையாது. உன் காயிதம் இருக்கு பாரு, அது போதும்." பெண்களை முன்கூட்டியே எச்சரித்ததாக ஒரு வரி சேர்த்து எழுதச் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆட்டினேன், எழுதவில்லை.

யாருக்கு ஆபத்து என்ற இடத்தில் "குழியில் இறங்குவோர்" என்று போட்டிருக்கிறேன். ஏன் இறங்குகிறார்கள் என்று ஒரு சொல் இல்லை. வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் எழுதாதே என்று முதல் நாள் வகுப்பிலேயே சொன்னார்கள். நான் மெஷினை மட்டும்தான் பார்த்தேன். ஏணி இருந்தவரை இறங்கினார்கள், ஏறினார்கள். நான் அதை அடைத்து அவளைச் சந்துக்குள் தள்ளிவிட்டேன். இருந்த ஆபத்தை நான் குறைக்கவில்லை, கூட்டியிருக்கிறேன்.

எங்கப்பா சிங்கராயரும் கண்டவன் களத்துல அடிநெல்லு அள்ளித் துண்டுல முடிஞ்சுகிட்டு வந்தவருதான். அதைத் தின்னு வளந்த எனக்கு இது தோணலியே! ரெண்டு வாரம் சென்னைக்குப் போனா எல்லாம் மறந்துடுமா?

28.1.1991, திங்கள்

பெண்கள் வேலைக்கு வரவில்லை. கேட்டுக்கு வெளியே கொடியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். குழியைத் திற, அம்சத்துக்கு நியாயம் சொல். அவர்கள் இல்லாமல் நெல் அவியல் இல்லை, உலர்த்தல் இல்லை. குடவாசல் ரோடு வரைக்கும் நெல் லாரிகள் நிற்கின்றன.

31.1.1991, வியாழன்

நேற்று ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். டீக்கடையில் அதே பேச்சு. இனி போலீஸ் தன் பேச்சைக் கேட்கும் என்று முதலாளிக்கு ஒரு தெம்பு. கேட்டில் யாரும் அசையவில்லை. "எந்த ஆட்சி வந்து எந்த ஆட்சி போனா என்னடி, குழி மூடித்தான கெடக்கு" என்று நீலாம்பாள் அக்கா சொன்னது என் காதில் விழுந்தது.

4.2.1991, திங்கள்

கேட்டுக்கு வெளியே போய், அவர்களோடு தரையில் உட்கார்ந்தேன். பிறகு முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: "மெஷினை நிறுத்திக் குடுத்தா இறங்குவீங்களா?"

"சுவிட்சு முதலாளி ஆளு கையில, நாங்க குழிக்குள்ள" என்றார் நீலாம்பாள் அக்கா. "எவனாச்சும் வேணும்னே போட்டுவுட்டா? ஓடுற மெஷினையாச்சும் கண்ணால பாத்து ஒதுங்கிக்கிடலாம்."

இந்த பயம் என் மதிப்பீட்டில் எங்கே இருந்தது? யோசித்துப் பார்த்தேன். மெயினில் இருக்கிற பியூஸ் கட்டையைக் கழற்றிவிட்டால் எவன் வந்து சுவிட்சைப் போட்டாலும் மெஷின் ஓடாது. அந்தக் கட்டையை உங்க கையிலேயே வைத்துக்கொண்டு இறங்குங்கள், ஏறி வந்தபிறகு திருப்பிக் கொடுங்கள் என்றேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு ஆய்வாளரு வருவாருல்ல, அவருகிட்ட உள்ளதைச் சொல்லுவீங்களா?"

"சொல்லுவேங்க்கா."

"சொல்லிட்டு வாங்க. அப்புறம் பேசுவம்."

8.2.1991, வெள்ளி

ஆய்வாளர் இன்றைக்குத்தான் வந்தார். முதலாளி என் காகிதத்தை நீட்டினார். அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "குழிய மூடறதுக்கு முன்னாடி இந்தம்மாக்கள்ட்ட பேசினீங்களா?"

முதலாளியின் கண் என் மேலேயே இருந்தது. இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு, எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன.

"பேசல சார். நான் பூட்டுனதாலதான் அந்தப் பொண்ணு சந்து வழியா நுழைஞ்சுது. எச்சரிக்கையும் பண்ணல. அது திருட்டு இல்ல சார், அவங்க பாத்தியதை."

சொல்லி முடித்ததும் காய்ச்சல் விட்ட மாதிரி இருந்தது. வேலையின்போது பட்ட காயம் என்றே அவர் எழுதிக்கொண்டார். சந்தைத் தகரம் வைத்து அடைக்க வேண்டும், மின்சாரத்தைத் துண்டிக்காமல் யாரும் குழியில் இறங்கக் கூடாது என்று உத்தரவு.

ஆய்வாளர் ஜீப் வெளியே போனதும் முதலாளி கேட்டார்: "உனக்குச் சோறு போடுறது யாருடா?" இதுவரைக்கும் அவர் என்னை 'டா' போட்டதில்லை.

13.2.1991, சாம்பல் புதன்

முதலாளி இறங்கி வந்தார். நியாயத்துக்காக இல்லை. லாரியில் ஈர நெல் சூடேறி நாற ஆரம்பித்துவிட்டது. மத்தியானம் அரைமணி நேரம் மெஷின் நிற்கும், பியூஸ் கட்டை பெண்கள் கையில், அடிநெல் பழையபடி. அம்சத்துக்கு நஷ்டஈடு சட்டப்படி, கை ஆறியதும் வேலை.

மாதா கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு அப்படியே கேட்டுக்குப் போனேன். நீலாம்பாள் அக்கா ஏற இறங்கப் பார்த்தார். "என்ன தம்பி, நீங்களும் துண்ணூறுக்கு மாறிட்டீங்களா?"

பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. இருமுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

1.3.1991, வெள்ளி

சூப்பர்வைசர் நாற்காலி போயிற்று. இனி எடை மேடையில் உட்கார வேண்டும். ஆபத்து மதிப்பீடு மட்டும் என் தலையில்தான், வேறு யாருக்கும் அது எழுதத் தெரியாதே. அருள்மேரி, "நாற்காலிதான போச்சு, விடுங்க" என்றாள். சுலபமாகச் சொல்லிவிட்டாள். ஆனால் இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

12.3.1991, செவ்வாய்

மாற்றம் செய்த இடத்தைத் திரும்பப் பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. குழிக்குள் இறங்கிப் பார்க்காமல் எழுத மாட்டேன் என்று தீர்மானித்திருந்தேன். மத்தியானம் மெஷின் நின்றது. காது அடைத்துக்கொண்ட மாதிரி ஒரு அமைதி.

அம்சம் நேற்றுதான் வேலைக்குத் திரும்பியிருக்கிறாள். அந்தக் கையால் துடைப்பம் பிடிக்க முடியாது. மற்றவர்கள் கூட்டி அள்ள, பியூஸ் கட்டையை வைத்துக்கொண்டு மேலே நிற்பது அவள் வேலை என்று பெண்கள் தீர்த்துவிட்டார்களாம். வீரையன் கழற்றிக் கொடுத்தான். இடது கையில் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஏணிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது.

ஏணியின் முதல் படியில் நின்றுகொண்டு கீழே பார்த்தேன். பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் பயம்தான் அதிகம். அத்தனை பெரிய வாளி பெல்ட், என் தோளுக்கு ஒரு முழம் தள்ளித் தொங்குகிறது. இவ்வளவு பக்கத்திலா குனிந்து கூட்டினார்கள்? கட்டை வைத்திருப்பவளை நிமிர்ந்து பார்த்தேன். அவளுக்கு நான் செய்ததற்கு, அவள் என்னை எப்படிப் பார்த்தாலும் தகும். ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்க மனது வரவில்லை.

"அம்சம், நான்—"

"எறங்குங்க சார்" என்றாள். "கட்டை எங்கிட்டதான் இருக்கு."

இறங்கினேன்.