உப்புப் பேழைக்குச் செவ்வண்ணம்

நலம் பெருகுக. மழை தவறாத வேங்கைமலை நாட்டின் காவலர், களிறு பல உடையவர், வாக்குப் பிறழாதவர், இளநாகவேள் அவர்களின் திருமுன்பு செந்நெல்பாடி நாட்டு முதலமைச்சன் அம்பலவன் கண்டன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் மலையில் தேனும் தினையும் பொலிக. தங்கள் குடிகள் நோயின்றி வாழ்க. தங்கள் சினம் ஒன்று மட்டும் சற்றே தணிக.

சென்ற அறுவடைத் திருவிழாவில் தங்கள் இலையில் உப்பில்லாத குழம்பு விழுந்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதே பந்தியில் அமர்ந்திருந்த அடியேனின் நாக்கும் மறக்கவில்லை. ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்று பாதி உணவில் எழுந்தீர்கள். இனி இந்த வீட்டில் கை நனைப்பதில்லை என்று சூளுரைத்துத் தேரேறினீர்கள். தங்கள் தங்கையாரும் எங்கள் அரசியாருமான செங்கமலத் தேவியார் வாயிற்படியைப் பற்றிக்கொண்டு அழுததை ஊரே கண்டது. இப்போது அவர் மகள் தேமொழிக்குத் திருமணம் கூடிவந்திருக்கிறது. தாய்மாமன் கை நனைக்காத திருமணமும் ஒரு திருமணமா? பெற்றவள் அதை நினைத்து நினைத்து அழுதார்.

அழுது ஓய்ந்ததும் தேவியார் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்தார். அரசரும் தம்பிமாரும் அவர்தம் மக்களும் ஒரே உலையில் உண்ணும் வீடு அது. பாலுக்கு ஒருத்தி, மோருக்கு ஒருவன், காலுக்குள் புகுந்தோடும் பிள்ளைகள் என்று எந்நேரமும் சந்தைதான். பிழை எங்கே நேர்ந்தது என்று துருவினார். அகப்பட்டது ஒரு சொல்.

அடுக்களையில் எந்தப் பண்டம் தீர்ந்தாலும் ‘இல்லை’ என்பது நம்மிடம் வழக்கமில்லை; ‘நிறைஞ்சிருக்கு’ என்றே சொல்வோம். நாவில் இல்லாமை வந்தால் வீட்டிலும் வரும் என்பார்கள். ஆகவே அன்று உப்புத்தாழி வெறுமையானதும் சமையலாள் முறைப்படி, “உப்பு நிறைஞ்சிருக்கு!” என்று குரல் கொடுத்தான். அன்று காலையில்தான் அந்தத் தாழியைத் தன் கையாலேயே நிரப்பியிருந்த பண்டகக் காப்பாளன், மெய்யாகவே நிறைந்திருக்கிறது என்று எண்ணி, “நல்லதாப் போச்சு!” என்று விட்டுவிட்டான். மங்கலச் சொல்லே மானத்தை வாங்கிவிட்டது!

தேவியார் தச்சரை வருவித்தார். கரியேறிய பழைய பரண்களும் உறிகளும் இறங்கின. சுவர் நெடுகிலும் கதவிட்ட பேழைகள் எழுந்தன. அரிசிப் பேழைக்கு மஞ்சள், பருப்புக்குக் கிளிப்பச்சை, புளிக்கு அவுரி நீலம், உப்புக்குக் கண்ணைப் பறிக்கும் செவ்வண்ணம். கதவுகளின் உட்புறம் மட்டும் வெண்சுண்ணம். பண்டம் தீர்ந்தால் வாய் திறக்க வேண்டாம், கதவைத் திறந்து போட்டால் போதும். அத்தனை வண்ணத்துக்கும் நடுவே வெள்ளை பளிச்சென்று தெரியும்.

எதிர்ப்பு இல்லாமலா? தச்சு வேலை முடியும்வரை யானைக் கொட்டிலின் ஓரத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்த நாள்களில், புகையில் கண் கசக்கிய அரசர் இது அடுக்களையா திருவிழாத் தேரா என்று கேலி செய்தார். சமையலாள்களை மேய்க்கும் மடைத்தலைவர் கூத்தன் சாத்தனோ தலையிலேயே அடித்துக்கொண்டார்.

“தாயே, கரி புடிச்ச அடுக்களைக்குத்தான் கண்ணு படாது. இப்பிடிப் பளபளன்னு பூசினா ஊர்க்கண்ணெல்லாம் உலையில விழுமே!”

“விழட்டும் சாத்தா. நாலு கண்ணு விழுந்தாத்தான் உப்புத்தாழி எப்பிடியிருக்குன்னு ஒருத்தருக்காவது தெரியும்” என்றார் தேவியார். சாத்தன் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

இனி வெற்றியைக் கேட்டருள்க. நிச்சயதார்த்த விருந்தன்று மணமகன் வீட்டார் சொன்னதைவிட இருமடங்காக வந்திறங்கினார்கள். பந்திமேல் பந்தி. இடையில் செங்கதவு திறந்து வெள்ளை காட்டியது. தேவியார் தூணருகில் நின்று பார்த்தார். யாரும் கூவவில்லை, காப்பாளன் உப்புக்கூடையோடு ஓடி வந்தான், தாழி நிரம்பியது, கதவு மூடியது. சம்பந்தியார் குழம்பை ருசித்து, “உப்பு அளவா இருக்கு” என்று மீண்டும் கேட்டு வாங்கினார். அந்த ஒரு சொல்லுக்குத் தேவியார் கண்ணில் நீர் வந்துவிட்டது. சாத்தனோ விருந்தினரைக் கைப்பிடித்து இழுத்துப் போய், “எங்க அடுக்களையப் பாத்தீங்களா?” என்று காட்டிக்கொண்டிருந்தார். வண்ணம் பூசச் சொன்னதே தாம்தான் என்பதுபோல ஒரு மிடுக்கு!

அன்றே செம்பேழையில் புது உப்பு நிரப்பிப் பூட்டப்பட்டது. அதன் சாவி இவ்வோலையோடு வருகிறது. திருமணத்து உலைக்கு அந்த உப்பே போகும். தாய்மாமன் கையன்றி வேறு கை அதைத் திறக்கலாகாது என்பது தேவியார் ஆணை. தாங்கள் வாராதொழியின் மணப்பந்தி முழுதும் உப்பின்றியே பரிமாறப்படும். அடியேன் அதை இரண்டாம் முறையும் உண்ண நேரும். முதியவன்பால் இரங்குக.

எழுதி முடித்து, அண்ணனுக்கு வேறேதும் சொல்ல வேண்டுமா என்று தேவியாரை வினவினேன். அவர் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் பொறித்திருக்கிறேன்:

“அண்ணா, வீடு நிறைஞ்சிருக்கு.”

நெற்கதிர் முத்திரை இடப்பட்டது. ஓலை கண்டதும் தேர் பூட்டுக.