ஒரே வயிற்று முதலைகள்

யாங்கோனில் மழை விட்டதும் பெட்டியிலிருந்ததை எல்லாம் வெயிலில் போட்டேன். அந்துருண்டை வாசத்தோடு உன் கறுப்புத் துணியும் வந்தது. உன் கருமாதி முடிந்த மறுவாரம் உன் மனைவி கொடுத்தனுப்பியது. நான் துக்கத்துக்கு வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஏன் என்பதும் தெரியும்.

எண்பத்தெட்டுக் கலவரத்தில் நம் கல்லூரியை மூடியதும் நீ கப்பல் வேலைக்குப் போனாய். ஆப்பிரிக்காவில், கானா நாட்டில் கரையிறங்கியபோது வாங்கிய துணி இது. ஊர் திரும்பியதும் விரித்து, அடிங்க்ரா என்றாய். சுரைக்குடுக்கையில் செதுக்கிய அச்சால் குறிகளைப் பதித்து, செத்தவரை வழியனுப்ப உடுத்துவார்களாம். ஒவ்வொரு குறிக்கும் ஒரு பழமொழி. ஒரே வயிறுள்ள இரண்டு முதலைகளைக் காட்டி, "இது நீயும் நானும்டா. வயிறு ஒண்ணு, சாப்பாட்டுக்குத்தான் சண்டை" என்று என் கிண்ணத்து மீன்குழம்பு மொஹிங்காவையும் அள்ளினாய். என் அம்மா சிரித்தாள்.

அப்போது எங்கள் தாமுவே பேட்டைக் கோயிலின் பாத்திர அறைச் சாவி அம்மாவிடம் இருந்தது. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அண்டா வாங்கிப்போகிற வீட்டின் குறியைச் சுண்ணாம்பால் அதன்மேல் போடுவாள். மீன்காரர் வீட்டுக்குச் செதில், தையற்காரர் வீட்டுக்குக் கத்தரி, கப்பல்காரன் உனக்கு நங்கூரம். தெருவே அதை வாசிக்கும். நீ குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாய்: "எழுதத் தெரியாதவங்கன்னு யாருமில்லடா. நமக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துதான் இருக்கு." வெள்ளைக்காரன் கொடுத்த அளவுகோலை வைத்துக்கொண்டு பாதி உலகத்தைத் தற்குறி என்றுவிட்டோம் என்று அன்று சாயங்காலம் முழுக்கப் பேசினாய். நான் நம்பினேன்.

பிறகு கப்பலை விட்டுக் கோயில் கமிட்டியில் உட்கார்ந்தாய். எழுதப் படிக்கத் தெரிந்த உன் மச்சான் வேலையில்லாமல் இருந்தான். எழுதப் படிக்கத் தெரிந்தவரிடமே சாவி இருக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவன் நீதான். அம்மாவை வைத்துக்கொண்டே, "தற்குறிகிட்ட சாவி இருந்தா வெளியில நம்மள என்ன நினைப்பாங்க?" என்றாய்.

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை மேசைமேல் வைத்தாள். "வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போப்பா" என்றாள். நீ வரவில்லை. அன்றும் இல்லை, அதன்பிறகு என்றுமில்லை.

உன் கருமாதிக்கும் அண்டாக்கள் அந்த அறையிலிருந்துதான் போயின. யாரும் கூப்பிடாமலே அம்மா போனாள். நான் தடுத்தேன். "அவன் வீட்டு ஏனம் மாறிடக் கூடாதுல்ல" என்று சொல்லி, எல்லாவற்றிலும் நங்கூரம் போட்டுவிட்டு வந்தாள்.

அவள் மன்னித்திருக்கலாம். நான் மன்னிக்கவில்லை. ஆனால் வீட்டில் பாடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு, முதல் நாள், வாசிக்கத் தெரியாத எழுத்தைப் பற்றிய உன் அந்த வாக்கியத்தைத்தான் சொல்கிறேன். அதைவிடச் சரியான ஒன்று எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. யார் சொன்னது என்று கேட்பார்கள்.

என் அம்மா என்பேன்.