கழுத்து முற்றாத ரோஜா

பிப்ரவரி 3, செவ்வாய்

பனி. கம்பெனி வண்டி மூக்கண்டப்பள்ளிக்கு இருபது நிமிடம் தாமதம். காஸ் புக் பண்ண வேண்டும்.

சூப்பர்வைசர் ஆனந்தன் ஆரம்பித்துவிட்டான். காதலர் தின ஆர்டராம், மொட்டு இறுக்கமாக இருக்கும்போதே வெட்டச் சொல்லியிருக்கிறான். முதல் லாட் முழுக்க என் மேசைக்கு வந்தது. பூவுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். கீரைத்தண்டு மாதிரி மெத்தென்று.

"சார், கழுத்து முத்தல. ரெண்டு நாள் விட்டாத்தான் வெறைக்கும். இப்ப அனுப்புனா தலை தொங்கிரும்."

"ஏம்மா, அக்ரி படிச்சது நானா நீயா? தரம் பிரிச்சமா, கட்டு போட்டமா, நம்பர் ஒட்டுனமான்னு இரு."

ப்ளஸ் டூவில் நானும் படித்தேன், முட்டாளே. ஸ்கிளிரென்கைமா. செல் சுவரில் லிக்னின் படிந்தால்தான் தண்டு நிமிர்ந்து நிற்கும். ஐந்து மார்க் கேள்வி, நன்றாகவே எழுதினேன்.

ஒட்டினேன். என் மேசை நம்பர் 4. பக்கத்தில் 3, முனியம்மா. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

பிப்ரவரி 4, புதன்

முள் உருவும் இரும்புக் கிளிப்பை வேகமாக இழுக்கச் சொல்கிறான் ஆனந்தன். தண்டின் தோலும் சேர்ந்து உரிகிறது. ரோஜா முள் மேல்தோலில் முளைப்பது, பக்கவாட்டில் தள்ளினாலே வந்துவிடும். சொல்லவில்லை. சொன்னால் மறுபடி அக்ரி.

வாங்க: டெட்டால், பாப்பாவுக்கு சாக்ஸ், பச்சை மிளகாய்.

மத்தியானம் முனியம்மா களி கொண்டுவந்து பாதி கொடுத்தாள். "அவன் சொன்னத நானும் கேட்டன்க்கா. யாரு கேட்டாலும் சொல்றன்." மனசு லேசானது.

பிப்ரவரி 6, வெள்ளி

வாங்கியவர்கள் போட்டோ அனுப்பியிருக்கிறார்கள். பூவெல்லாம் தலை தொங்கி, கட்டுக்குக் கட்டு என் நம்பர் 4 ஒட்டி. பெங்களூரிலிருந்து மானேஜரே வந்துவிட்டார்.

"இந்தம்மா பாக்காம கட்டிருச்சு சார்." ஆனந்தன் கண்கூடக் கொட்டவில்லை. பாவி.

நடந்ததைச் சொன்னேன். முனியம்மாவைக் கேளுங்கள் என்றேன். மானேஜர் கன்னடத்தில் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "கொத்தில்லா சார்."

தெரியாதாம். அவனைவிட இவள்மேல்தான் எனக்கு ஆத்திரம். அந்தக் களியைத் தின்றிருக்கக் கூடாது.

நாளையிலிருந்து எனக்குப் பூ வெட்டுகிற வேலை. பதினொரு வருடம் மேசையில் நின்றவள்.

பிப்ரவரி 7, சனி

பிளாஸ்டிக் கூரைக்குள் புழுக்கம். இரண்டு கையிலும் கீறல். காஸ் இன்னும் வரவில்லை.

ஆனந்தன் வந்தான். அதே ஆர்டர், அதே இறுக்கமான மொட்டு. "இன்னிக்கே வெட்டிரு." சரி சார் என்றேன்.

அழுத்திப் பார்த்தேன். மெத்தென்று. வெட்டினேன். அடுத்ததும் அப்படித்தான். அதையும் வெட்டினேன். ஆறு வாளி.

வண்டி தள்ளுகிற அண்ணன் கேட்டார், "எந்த டேபிளுக்கும்மா?"

"மூணு."