துணைவேந்தருக்கு ரயிலில் வைக்கும் பெயர்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். கடல் காற்று மஞ்சக்குப்பம் வரை எட்டவில்லை. அண்ணாகிராமத்திலிருந்து தம்பி கொடுத்தனுப்பிய பலாப்பழம் சமையலறை மூலையில். வீடு முழுக்க வாசனை. யார் வெட்டுவது?

மாலை நிர்வாகக் குழுவிலிருந்து போன். அடுத்த துணைவேந்தர் நான்தான். வியாழன் பொறுப்பேற்பு. "சரிங்க சார், நன்றிங்க சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன் போல. வைத்துவிட்டு மோட்டாரை நிறுத்த ஓடினேன். டேங்க் வழிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்காரர்: "அப்போ இனிமே உன்னை மேடம்னு கூப்பிடணுமா?" எதிர்பார்த்த ஜோக்தான். சிரித்தேன்.

நேர்காணலுக்குப் போனது மூன்று பேர். ஒருவர் வெளியூர்க்காரர். இன்னொருவர் மெஹருன்னிசா அக்கா. டீன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் வேதியியல் துறையில் சேர்ந்த நாளிலிருந்து கடலூர்–சிதம்பரம் ரயிலில் என் பக்கத்து சீட். அவர்தான் வருவார் என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன்.

போன் செய்தேன். "மாஷா அல்லாஹ்! நல்லா இரு, கலை." உடனே, "வீட்ல ஆளுங்க இருக்காங்க, வச்சிடறேன்." பக்ரீத்துக்கு வந்த விருந்தாளிகள். இருக்கலாம்.

ஜூன் 10, செவ்வாய்

நான் திருப்பாதிரிப்புலியூரில் ஏறுவேன், அக்கா முதுநகரில். ஜன்னலோரம் அவருக்குக் கைக்குட்டை போட்டு வைப்பது என் வேலை. போட்டேன். முதுநகரில் அவர் ஏறவில்லை. லீவாம். ஆலப்பாக்கம் தாண்டித்தான் கைக்குட்டையை எடுத்தேன்.

செய்தித் தொடர்புப் பிரிவிலிருந்து ஒரு பெண்: "மேடம், ஸ்டேஜ்ல படிக்கணும். உங்க லைஃப் ஒரு பக்கத்துல."

எழுதினேன். மணிக் கணக்கில் சம்பளம் வாங்கிய கெஸ்ட் லெக்சரர். முனைவர் பட்டம். துறைத் தலைவர். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். அடங்கிவிட்டது, கீழே இடம்கூட மிச்சம்.

எழுதாதவை: மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பால் கட்டி லேப் பாத்ரூமில் அழுதது. ஆசிட் தெறித்து ஓட்டை விழுந்த சேலைகள். துறைத் தலைவரான பிறகும் ஸ்டாஃப் மீட்டிங்கில் டீ ஊற்றியது நான்தான். யாரும் சொல்லவில்லை, கை தானாகப் போனது. ஆய்வேட்டில் பாதி ரயிலில் எழுதியது. அதை வரி வரியாகத் திருத்தியது மெ. அக்கா.

பலாப்பழம் இன்னும் வெட்டவில்லை.

ஜூன் 12, வியாழன்

பொறுப்பேற்றாயிற்று. சால்வை, சால்வை, சால்வை. ஏசி போட்டும் வியர்த்தது.

மெ. அக்கா வரிசையில் நின்று வந்தார். கைகுலுக்கினார். இத்தனை வருஷத்தில் நாங்கள் கைகுலுக்கியதே இல்லை.

முதல் உத்தரவு: விடைத்தாள் திருத்தும் பணி இனி சனிக்கிழமையும். ரிசல்ட் தாமதமானால் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு சீட் போய்விடும். சரியான முடிவுதான். கையெழுத்துப் போடும்போது அக்கா முகம் ஞாபகம் வந்தது. அவருக்குப் பேரன் வரும் நாள் சனிக்கிழமை.

டிரைவர் செல்வம்: "காலைல எத்தனை மணிக்கு வண்டி எடுத்தாரணும் மேடம்?" வேண்டாம், ரயிலிலேயே வருகிறேன் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. பதவி தலைக்கேறவில்லையாம்.

ஜூன் 13, வெள்ளி

லேடீஸ் பெட்டி. வழக்கப்படி முதுநகர் தாண்டினால் டிபன் டப்பா திறக்கும். கூடவே துணைவேந்தரைத் திட்டுவதும் ஆரம்பம். எந்தத் துணைவேந்தர் என்பது முக்கியமில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர். விருந்தினர் வரும்போதெல்லாம் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர் "வெள்ளையடி". எதற்கெடுத்தாலும் நினைவூட்டல் கடிதம் அனுப்பிய போனவருக்கு நான் வைத்தது "ரிமைண்டர்". பெயர் பெட்டியை விட்டு இறங்கக் கூடாது என்ற சட்டமும் நான் போட்டதுதான்.

இன்று டப்பாக்கள் திறந்தன. சத்தம் இல்லை. நூலகத்து வசந்தா, போன வாரம் வரை "ஏய் கலை" என்றவள், எழுந்து நின்று இடம் கொடுத்தாள்.

"சனிக்கிழமை பேப்பர் திருத்துறது நல்ல முடிவு மேடம்."

"உண்மையாவா வசந்தா?"

"ஆமாங்க மேடம். பசங்களுக்கு நல்லது."

பரங்கிப்பேட்டை வரை ஆளுக்கொரு போனைப் பார்த்தோம். மெ. அக்கா இன்றும் வரவில்லை. பஸ்ஸில் போனாராம்.

ஜூன் 16, திங்கள்

விடிகாலையில் தூறல். அக்கா ஏறினார்! கைக்குட்டை போட்ட இடத்தில் உட்கார்ந்தார். மழை, மாப்பிள்ளையின் விசா, மீன் விலை. என்னைப் பற்றி ஒன்றுமில்லை. மற்றவர்கள் தலை நிமிரவில்லை.

சிதம்பரத்தில் இறங்கி எல்லோரும் ஆட்டோவுக்கு ஓடினார்கள். அக்கா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏன்டி, கார் குடுத்திருக்காங்கல்ல? அதுல வந்தா இன்னா?"

"பழைய மாதிரியே இருக்கலாம்னுதான்க்கா."

"நீ பழைய மாதிரி இருந்துடுவ. நாங்க எப்படி இருக்கிறது? சனிக்கிழமை ஆர்டரு போட்டுட்ட. வயிறு எரியுது எல்லாருக்கும். வீட்ல போய் சொன்னா, வேலைய விட்டுடுன்றாங்க. இந்த ரயில்ல ஒரு மணி நேரம்தான் எங்களுக்கு. அதுலயும் நீ வந்து குந்திகினா, யாரைத் திட்டுறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"எனக்கும் திட்டணும், கலை. அந்த சீட்டு எனக்கு வரும்னு இருந்தேன். வரல. ஒன் மேல தப்பில்ல. ஆனா திட்டித் தீத்தாத்தான் ஒன்கிட்ட நான் பழையபடி பேச முடியும். ஒன்ன பக்கத்துல வச்சிக்கினு எப்படித் திட்டுறது, சொல்லு?"

கைக்குட்டை என் கையிலேயே இருந்தது. அவர் அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"நாளையிலேர்ந்து எடத்த நானே புடிச்சிக்கிறேன்."

இரவு பலாப்பழம் வெட்டினோம். பாதி அழுகல். மீதி தேன்.

ஜூன் 17, செவ்வாய்

கார். செல்வத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பின்சீட்டில் காலை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

வழியில் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். "நம்ம பாசஞ்சர்தான் மேடம்" என்றார் செல்வம். கண்ணாடியை இறக்கினேன். லேடீஸ் பெட்டி கடந்தது. ஜன்னலோரம் மெ. அக்கா, ஒரு கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே வசந்தா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். யாரும் காரைப் பார்க்கவில்லை.

எனக்குக் கொஞ்சம் பொறாமை. கூடவே நிம்மதி. இரண்டும் ஒரே நேரத்தில்.

மதியம் அக்கா அறைக்கு வந்தார். வெளியே பி.ஏ.விடம் கேட்கவில்லை, கதவைத் தட்டவில்லை. மேஜையில் ஃபைல்களை ஒதுக்கி டிபன் டப்பாவை வைத்தார். இடியாப்பம், தேங்காய்ப்பால்.

"சாப்பிடு. ஒனக்குப் பேர் வச்சாச்சு."

"என்ன பேருக்கா?"

"அதெப்படி சொல்றது? பெட்டிய விட்டு எறங்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?"

"யார் வச்சது? அதையாவது சொல்லுங்க."

"நான்தான்டி" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.