வேனுக்குள் இழுத்து வைத்த ஜெனரேட்டர்

போடிநாயக்கனூர்
18-10-1957

அன்பு மகன் தவசிக்கு ஆத்தா எழுதுவது. நானும் உன் அய்யாவும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம், இந்த வாரம் அப்படி எழுத முடிவதே பெரிய காரியம். கல்கத்தாவில் நீயும் நலமாக இருக்க சுருளி வேலப்பர் துணை.

பயந்துவிடாதே அப்பு, முழுவதையும் படி. போன திங்கட்கிழமை போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் பிரசவம் பார்க்கப் போயிருந்தோம். நாலு நாள் தங்குகிற சோலி என்பதால் படுக்கை, அடுப்பு, மருந்துப்பெட்டி எல்லாம் நம் பழைய பட்டாள வேனிலேயே இருந்தன, புதிதாக வாங்கிய சின்ன ஜெனரேட்டரும் கூட வந்தது. அங்கே ஏலக்காய் எடுக்கிற அன்னக்கொடிக்குத் தலைப்பிரசவம். கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்துக் கூரை ஒழுகியதால் அவளை வேனுக்குள் கொண்டுவந்து படுக்க வைத்தேன். மழையில் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. வெளியே ஓடுகிற ஜெனரேட்டர் நனைகிறதே என்று, உன் அய்யாவிடம் அதைப் பின்பக்கப் படுதாவுக்குள் இழுத்து வைக்கச் சொல்லி, குளிருக்குக் கதவையும் சாத்திக்கொண்டேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. அரை மணி நேரத்தில் எனக்குத் தலை பாரமாகிக் குமட்டியது. அன்னக்கொடி முக்குவதை விட்டுவிட்டுக் கண் சொருகினாள். வலியில் களைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். எழுந்திருக்கப் பார்த்தேன், கால் வரவில்லை. லயத்திலிருந்து சுடுதண்ணீர் கொண்டுவந்த உன் அய்யா கதவைத் திறந்து, அவள் புருஷனைப் பார்த்து, "ஏலே வெள்ளைத்துரை, வெரசா ஓடியா, தூக்குடா!" என்று கத்தியது மட்டும் காதில் விழுந்தது. இரண்டு பேருமாக எங்களை மழைக்குள் இழுத்துப் போட்டார்கள். மழைக்காற்றில் தலை தெளிந்த பிறகுதான், அந்த ஜெனரேட்டர் புகைதான் எங்களைச் சாய்த்தது என்று விளங்கியது.

அவர்கள் இரண்டு பேரும் தலைக்கு மேலே படுதாவைப் பிடித்துக்கொள்ள, அரிக்கன் லைட் வெளிச்சத்தில்தான் பிள்ளை பிறந்தது. பெண். அழவில்லை. உள்ளங்காலில் தட்டினேன், முதுகைத் தேய்த்தேன், வாயில் ஊதினேன். "என்ன ஆத்தா, என்னாச்சு?" என்று வெள்ளைத்துரை கேட்டுக்கொண்டே இருந்தான், நான் ஊதிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. இப்போது தாயும் பிள்ளையும் நலம்.

இனி வேனில் பேட்டரிதான். ஜெனரேட்டர் வீட்டுக் கொல்லையில் நின்று அதற்குச் சார்ஜ் ஏற்றட்டும். கன்னையன் பட்டறையில் இரண்டு லாரி பேட்டரி பார்த்திருக்கிறோம், ஒன்று வண்டியைக் கிளப்ப, ஒன்று பல்புக்கு. பிரசவம் முடிகிற மட்டும் பல்பு தாங்குமா, மலை வளைவுகளில் ஆசிட் சிந்தாமல் எப்படிக் கட்டுவது, அதிலும் ஏதாவது புகை வருமா, எல்லாம் மிஷின் வேலை தெரிந்த நீ விவரமாக எழுது. ஐப்பசி கடைசியில் அதே தோட்டத்தில் இன்னொருத்திக்கு நாள் இருக்கிறது.

ஊருக்கு வந்ததிலிருந்து உன் அய்யா சரியாகச் சாப்பிடவில்லை. "அந்தச் சனியனப் பத்தி ஒண்ணுந் தெரியாமப் போச்சே" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். உனக்கு மறைக்க மாட்டேன். மிஷினைப் பத்தடி தள்ளி வைக்கச் சொல்லி நீ எழுதியிருந்தாய். படிக்கத் தெரியாத மனுஷனுக்கு அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டியவள் நான். சத்தத்துக்காகத்தான் சொல்கிறாய் என்று அந்த ஒரு வரியை விட்டுவிட்டேன். இன்று காலை அவரிடம் சொன்னேன். நெடுநேரம் என் முகத்தையே பார்க்கவில்லை. அப்புறம், "இனிமே அவன் காயிதத்த வரி விடாம வாசி, எனக்குப் புரியாட்டியும் வாசி" என்று சொல்லிவிட்டுச் சோறு போடச் சொன்னார்.

நீயும் அங்கே மிஷின் ஓடுகிற இடத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார். நோய் நொடி அண்டாமல் நூறு வயது இரு.

உன் ஆத்தா
சுருளியம்மாள்