கார் ஷெட்டைத் திறப்பதற்கு முன்

என்னங்க,

மதியம் வேலை முடிந்து வந்ததும் கார் ஷெட்டைத் திறக்காதீர்கள். முதலில் இதைப் படியுங்கள். போன் அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. நேற்றைய கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

காலையில் வண்டியை எடுக்கப் பார்த்தேன். கார்புரேட்டர் நிரம்பி வழிந்து தரையெல்லாம் பெட்ரோல். "ரெண்டு தட்டு தட்டினேன், சரியாப்போச்சு"ன்னு சொன்னீர்களே, சரியாகவில்லை. உள்ளே இருக்கும் ஊசியில் குப்பை சிக்கி, பெட்ரோல் நிற்காமல் வருகிறது. பெட்ரோல் வரும் ட்யூபைக் கழற்றி போல்ட்டால் அடைத்துவிட்டேன். பாட்டரி வயரையும் கழற்றிவிட்டேன். வழக்கம்போல சோக்கை இழுத்து ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள், இன்னும் வழியும். ஷெட்டில் ஜன்னல் இல்லை, நெடி போகவே போகாது. லைட் சுவிட்சைக்கூடத் தொட வேண்டாம். மெக்கானிக் நாலு மணிக்கு வருகிறார்.

சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன்.

சிகரெட்டை விட்டுவிட்டதாக என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தீர்கள். ஷெட்டில் பெயின்ட் டப்பாவுக்குள் துண்டுகளைப் பார்த்து மூன்று வாரம் ஆகிறது. நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு ஹாலிலேயே உட்கார்ந்து பிடியுங்கள். ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

பி.கு.: இந்தச் சீட்டை முதலில் ஷெட் கதவில்தான் ஒட்டினேன். அங்கே நின்று படிக்கும்போதே பற்றவைத்துவிடுவீர்கள் என்று தோன்றியது. பிய்த்து வந்து வாசல் கதவில் ஒட்டுகிறேன்.

இன்னொன்று. டப்பாவுக்குப் பின்னால் இருந்த லைட்டரை நான் எடுத்துப் போகிறேன். உங்களிடம் இருந்த இன்னொரு சிவப்பு லைட்டரையும் தேடினேன். வீட்டில் எங்கும் இல்லை. அப்படியென்றால் அது உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது.