அரைப்பேரில் பாதி

எனக்கு நாத்தனாராக வந்து வாய்த்த செல்லச் சண்டைக்காரி கலாவுக்கு,

உட்கார முடியவில்லையடி. இந்த ஒரு வரி எழுதுவதற்குள் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து, மூடி, மறுபடி திறந்துவிட்டேன். ஊற்றிவைத்த தேத்தண்ணி ஆறிக் கிடக்கிறது. உன் அண்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினார். "நடந்து நடந்து தரைய தேய்ச்சிராத புவனா. ஒண்ணு உக்காரு, இல்லாட்டி வெளிய போ." வெளியே போனால் மழை.

நம் படிப்பு தொடங்கிவிட்டது. ஆசிரியர்களுக்கான பட்டப்பின் படிப்புக்கு இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பித்தோமே, நீ கணிதம் கற்பித்தலுக்கும் நான் வரலாறு கற்பித்தலுக்கும், அதுதான். சனிக்கிழமைதோறும் ஹட்டனில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடக்கிறது. நடுவில் பலகைத் தடுப்பு, இந்தப் பக்கம் வரலாறு, அந்தப் பக்கம் கணிதம். முதல் நாள் தலவாக்கலையில் பஸ் ஏறியதும் பழக்கதோஷத்தில் பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிட்டேன். ஒரு அம்மா வந்து, "ஆளு வருதா?" என்று கேட்டார். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அன்று அந்தப் பக்கத்தில் பேர் கூப்பிடுவது பலகை வழியாகக் கேட்டது. "கலைச்செல்வி" என்றார் விரிவுரையாளர். நீ போய்விட்டது அங்கே யாருக்கும் தெரியாது. கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை கூப்பிட்டார். பிறகு அடுத்த பேருக்குப் போய்விட்டார். என் பக்கத்தில் என்ன பாடம் நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஆசிரியர் அறையில் நீ அடிக்கும் கேலி ஞாபகம் இருக்கிறதா? "மதினி, ஒங்க பாடத்துல எல்லாரும் செத்தவங்க. எங்க பாடத்துல ஒருத்தரும் சாக மாட்டாங்க." அப்படிச் சொன்னவள் ஒரு காய்ச்சலில் போய்விட்டாய். உன்மேல் கோபமாக இருக்கிறது கலா. சொல்லாமல் வைத்திருந்து என்ன ஆகப்போகிறது?

நீ போனபிறகு உன் பாடவேளைகளெல்லாம் என் தலையில். வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டால், ஆள் கிடைத்தால் அனுப்புவோம் என்கிறார்கள். தேயிலைத் தோட்டப் பள்ளிக்குக் கணக்கு டீச்சர் கிடைப்பது எவ்வளவு சுலபம் என்று உனக்குத் தெரியாதா? திங்கட்கிழமை அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், நீங்க டிகிரியில கணக்கும் ஒரு பாடமா செஞ்சிருக்கீங்கதானே? இந்தப் படிப்பையும் கணக்குப் பக்கம் மாத்திக்கங்க. இந்தச் சனிக்கிழமதான் கடைசியாம். நம்ம புள்ளைகளுக்கு வேற யாரு இருக்கா?"

"அப்ப வரலாறு, சேர்?"

"வரலாறு என்னா டீச்சர், யாரும் வாசிச்சுக் காட்டலாம்தானே."

வாசித்துக் காட்டலாமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாடநூலில் நம் தோட்டத்து ஆட்களைத் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு பாடு என்று உனக்குத் தெரியும். கிடைக்கும் அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கேள்வி கேட்க வைப்பது எப்படி என்று படிக்கத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். ஆனால் அவர் கேட்டதிலும் தப்பில்லையே. கணக்கில் விழுந்தால் இந்தப் பிள்ளைகளுக்கு மேலே போக வழி ஏது? வரலாற்றைக் கைவிடவும் மனசில்லை, உன் வகுப்பைக் கைவிடவும் மனசில்லை. அந்த நடைதான் இந்த நடை.

புதன்கிழமை ஏழாம் வகுப்பில் பின்னம். அரையில் அரை எவ்வளவு என்று கேட்டேன். உன் செல்லம் தர்ஷினி சைபர் என்று எழுதிவைத்திருந்தாள்.

"ஏம்மா சைபர்?"

"அரைப்பேருல பாதிதானே டீச்சர்? அதுக்குப் பேரு விழாது. அன்னைக்கு மழைன்னு அம்மா நேரத்தோட வந்துட்டாங்க. கங்காணி ஒண்ணுமே போடல."

வகுப்பு மொத்தமும் ஆமாம் என்று தலையாட்டியது. நமக்குத் தெரிந்த விஷயம்தான், இதை வேறு யாராவது எடுத்து வாசித்தால் புரியட்டும் என்று சொல்கிறேன். தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கும் கங்காணி ஒரு நாள் வேலை பதிந்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி. பறித்த கொழுந்து குறைந்தால் அரைப்பேர். கால் பேர் என்று ஒன்றை இந்தப் பிள்ளைகள் கேள்விப்பட்டதே இல்லை.

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? நான் ரொட்டிக்குப் போனேன்.

"ஒரு ரொட்டிய ரெண்டா பிச்சு, அதுல பாதிய தம்பிக்குக் குடுத்தா, தம்பி கையில சைபரா?"

"இல்ல டீச்சர், கா ரொட்டி."

"அப்ப அரையில அரை?"

"கால்." அழித்துவிட்டு எழுதினாள். எழுதிய பிறகும் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. "அப்ப அம்மா செஞ்ச வேலையும் இருக்குதானே டீச்சர்? கங்காணி போட்ட கணக்கா தப்பு?"

கலா, இந்தக் கேள்விக்கு எந்தப் பாடவேளையில் பதில் சொல்வது? ஒரு மனுஷியின் நாளை முழுசாகவும் அரையாகவும் மட்டும் வெட்டலாம் என்று யார் முடிவு செய்தது, எந்தக் காலத்தில், யாருடைய வசதிக்கு என்று சொல்லத் தொடங்கினேன். பாதியில் மணி அடித்துவிட்டது. ஒரு பிள்ளையும் எழும்பவில்லை.

இதுவரை நேற்று எழுதியது. இன்று சனிக்கிழமை, ஹட்டனுக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

மணி அடித்தும் எழும்பாத அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டே படிப்பு அலுவலக மேசைக்குப் போய், கணிதப் பக்கம் மாறப்போகிறேன் என்றேன். அங்கே இருந்த தம்பி பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இந்தக் கலைச்செல்வி டீச்சரும் ஒங்க ஸ்கூல்தானே? வாறதே இல்ல. படிப்ப விட்டுட்டாங்களா?"

"விடல தம்பி. அவங்க இறந்துட்டாங்க."

உன் பேரை வெட்ட அவர் பேனாவை எடுத்தார். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பேனாவை நானே வாங்கிக்கொண்டேன். கலைச்செல்வி என்ற உன் பேரின் மேல் கோடு போட்டது நான்தான். கோடு கோணிப்போனது. அதற்குக் கீழே என் பேரை எழுதினேன்.

நிம்மதி வந்துவிட்டதா என்று கேட்காதே. கணிதப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், காது முழுக்கப் பலகைக்கு அந்தப் பக்கம். அங்கே அவர்கள் சிரித்தபோது எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. பேர் கூப்பிட்டார்கள். என் பேர் வந்தபோது, "வந்திருக்கேன்" என்று தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை தர்ஷினிக்கு மீதிப் பதிலைச் சொல்வேன், கணக்குப் பாடவேளையிலேயே. அதிபர் ஜன்னல் வழியாகப் பார்த்தால் பார்க்கட்டும். இந்தப் படிப்பில் என் முதல் கட்டுரை அவள் போட்ட அந்தச் சைபரைப் பற்றித்தான். வரலாற்றைப் பலகைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வரமாட்டேன், உன் பிள்ளைகளையும் கணக்கில் விழ விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் பாடத்தில் ஒருத்தரும் சாக மாட்டார்கள் என்றாயே. அதை நம்பித்தானடி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போதைக்கு அரைக் கணக்கு டீச்சரான,
உன் மதினி
புவனா